ஓங்கலின் கையெழுத்து

திண்டிவனத்தில் மரக்காணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கிழக்கே போய்க்கொண்டே இருந்தால், கடைசியில் உப்பளங்கள் வரும். பாத்தி பாத்தியாகத் தேங்கி நிற்கும் நீர், வெள்ளை வெளேரென்று குவித்து வைத்த உப்பு, அப்பால் சவுக்குத் தோப்பு, அதற்கும் அப்பால் வங்காள விரிகுடா. "விழுப்புரம் மாவட்டத்துக்குக் கடல் உண்டா?" என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பிள்ளைகள் விழிப்பார்கள். உண்டு. எக்கியார்குப்பம், அனுமந்தை, கூனிமேடு, பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று கடலோர ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கடலில் டால்பின்களும் இருக்கின்றன.

நம் மீனவர்கள் அதை டால்பின் என்று சொல்வதில்லை. 'ஓங்கல்' என்பார்கள். நீரிலிருந்து ஓங்கி எழுவதால் வந்த பெயராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது மீன் அல்ல என்பதை நீங்கள் பாடப்புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பாலூட்டி அது.

1994-ஆம் ஆண்டு, நான் புதிதாக ஆசிரியர் வேலையில் சேர்ந்திருந்த சமயம், ஓங்கலைப் புகைப்படம் பிடிக்க வேண்டும் என்று ஓர் ஆசை பிறந்தது. நண்பர் ஒருவரிடம் காமிராவும் 200 மி.மீ. லென்ஸும் இரவல் வாங்கிக்கொண்டு, பங்குனி மாதத்து விடியற்காலையில் ஒரு மீனவப் பெரியவரின் படகில் ஏறிவிட்டேன். மாசியிலும் பங்குனியிலும் காலை வேளைகளில் நம் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

"ஐயா, ஓங்கல் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டேன்.

"தண்ணியப் பாக்காதீங்க வாத்தியாரே, மேல பாருங்க. ஆலா எங்க கூடுதோ அங்க மீனு. மீனு இருக்கிற எடத்துக்குத்தான் ஓங்கலும் வரும்" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். ஆலாப் பறவைகள் கூட்டமாக இறங்கி எழுந்துகொண்டிருந்த இடத்தில் ஆறேழு ஓங்கல்கள் இருந்தன. நான் பரபரப்பில் காமிராவைச் சொடுக்கித் தள்ளினேன். 36 படங்கள் கொண்ட ஃபிலிம் சுருள் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. கழுவிப் பார்த்தபோது 20 படங்களில் வெறும் தண்ணீர். பத்துப் பன்னிரண்டில் தெறிக்கும் நுரை. சிலவற்றில் வால் நுனி. ஒரே ஒரு படத்தில் மட்டும் ஓங்கலின் முதுகும் அதன் மேல் கரும் பிறைபோல் நிற்கும் முதுகுத் துடுப்பும் தெளிவாக விழுந்திருந்தன.

ஆனால் அந்தத் துடுப்பின் பின்விளிம்பில் எலி கடித்ததுபோல் இரண்டு வெட்டுகள் இருந்தன. பார்க்க அழகாக இல்லை. பள்ளிக் கண்காட்சியில் வைக்க வேண்டிய படமாயிற்றே! புகைப்பட ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்து, "இதைக் கொஞ்சம் டச்சிங் செய்து சரிபண்ணித் தாருங்கள்" என்று நானேதான் கேட்டுக்கொண்டேன். கல்யாணப் பெண்ணின் முகத்துப் பருவை மறைக்கும் அதே மெல்லிய தூரிகையால், பெரிதாக்கிய படத்திலிருந்த இரண்டு வெட்டுகளையும் கருமையால் அடைத்துக் கொடுத்தார்கள். வேலை மிகவும் நேர்த்தி. படம் கண்காட்சியில் பரிசும் பெற்றது.

நான் அழித்தது அந்த ஓங்கலின் பெயரை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

பல்லால் எழுதிய கையெழுத்து

டால்பினின் முதுகுத் துடுப்பில் எலும்பு கிடையாது. உறுதியான நார்த்திசுவால் ஆன அந்தத் துடுப்பின் முன்விளிம்பு தடித்திருக்கும். பின்விளிம்போ மெலிந்து, எளிதில் கிழியக்கூடியதாக இருக்கும். டால்பின்கள் தமக்குள் விளையாடும்போதும் சண்டையிடும்போதும் ஒன்றையொன்று பல்லால் கீறிக்கொள்ளும். சுறா கடிப்பதுண்டு. வலை நூல் அறுப்பதுண்டு. படகின் விசிறி வெட்டுவதும் உண்டு. இப்படிப் பின்விளிம்பில் சதை போய்விட்டால் அந்த இடம் திரும்ப வளர்ந்து நிரம்புவதில்லை. வெட்டு ஆறிவிடும், அதன் வடிவம் அப்படியே நின்றுவிடும்.

தோலின் மேல் விழும் கீறல்கள் வேறு வகை. வரிவரியாக ஓடும் பல் தடங்கள் சில மாதங்களில் மங்கத் தொடங்கிவிடும். ஆகவே கீறலை நம்பி ஒரு டால்பினை அடுத்த ஆண்டு அடையாளம் காண முடியாது. விளிம்பு வெட்டை நம்பிக் காணலாம். எத்தனை வெட்டுகள், நுனியிலிருந்து எவ்வளவு கீழே, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி, எது ஆழம், எது அகலம் என்பவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு கூட்டத்தில் பல டால்பின்களைத் தனித்தனியே பிரித்துச் சொல்லிவிடலாம். துடுப்பில் வெட்டே இல்லாதவையும் உண்டு, குறிப்பாக இளங்குட்டிகள். அவற்றை வேறு வழியில் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

விஞ்ஞானிகள் இதைப் பெரிய அளவில் பயன்படுத்தத் தொடங்கியது 1970-களில்தான். அதற்கு முன்பெல்லாம் டால்பினைப் பிடித்து அடையாளப் பட்டை மாட்டி விடுவார்கள். அர்ஜென்டினா நாட்டின் சான் ஹோஸே வளைகுடாவில் ஆராய்ந்த பெர்ண்ட் வூர்சிக், மெலனி வூர்சிக் தம்பதியர், இயற்கையாக அமைந்த துடுப்பு வெட்டுகளே போதும், விலங்கைத் தொடவே வேண்டாம் என்று தம் புகைப்படங்களால் காட்டினார்கள். அவர்களுடைய கட்டுரை 1977-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துச் சாரசோட்டா விரிகுடாவில் 1970-இல் தொடங்கிய டால்பின் ஆராய்ச்சி இன்றும் நடந்து வருகிறது. அங்கே நிக்லோ என்றொரு பெண் டால்பின் இருந்தது. அந்தப் பெயருக்குப் பொருள் 'கீழ்ப்புறத்து வெட்டு' என்பதுதான்! துடுப்பின் அடிப்பாகத்தில் இருந்த வெட்டே அதற்குப் பெயராகிவிட்டது. நிக்லோ தன் 67-ஆவது வயதிலும் அந்தக் கடலில் காணப்பட்டது. டால்பின் இத்தனை காலம் வாழும் என்பதே, ஒரே துடுப்பை ஆண்டுக்கு ஆண்டு சலிக்காமல் படம் பிடித்து வைத்ததால் நமக்குத் தெரிந்த செய்தி.

புளியங்கொட்டைக் கணக்கு

அடையாளம் கண்டு என்ன பயன் என்று கேட்கிறீர்களா? எண்ணுவதற்கு.

கடலில் டால்பின்களை எண்ணுவது, விளையாட்டு மைதானத்தில் ஓடித் திரியும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எண்ணுவதைவிடக் கடினம். பாதிக்கு மேல் நீருக்குள் இருக்கும். இங்கே முங்கியது அங்கே எழும். அதையே மறுபடி எண்ணிவிடுவோம். ஆகவே விஞ்ஞானிகள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். அதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஒரு துணிப்பையில் எண்ணாமல் கை நிறையப் புளியங்கொட்டைகளை அள்ளிப் போடுங்கள். பார்க்காமல் 20 கொட்டைகளை எடுத்து ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வையுங்கள். காய்ந்தபின் பையில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மறுபடியும் பார்க்காமல் 24 கொட்டைகளை எடுங்கள். அவற்றில் 8 கொட்டைகளில் பொட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு பொட்டு வைத்தவை. பை முழுவதிலும் இதே விகிதம் இருக்க வேண்டும் அல்லவா? பொட்டு வைத்தவை மொத்தம் 20. அது மூன்றில் ஒரு பங்கு என்றால், பையில் இருப்பவை 60. கணக்காக எழுதினால்: 20 × 24 ÷ 8 = 60. பையைக் கொட்டி எண்ணிப் பாருங்கள். வியக்கத்தக்க அளவுக்கு நெருங்கி வரும்.

டால்பின் கணக்கும் இதே வழிதான். முதல் பயணத்தில் படம் பிடித்த துடுப்புகளே பொட்டு வைத்த கொட்டைகள். இரண்டாம் பயணத்தில் எத்தனை பழைய துடுப்புகள் மறுபடி வருகின்றன என்று பார்க்க வேண்டும். பிறப்பு, இறப்பு, வெளியிலிருந்து வருபவை, வெட்டில்லாத துடுப்புகள் என்று பலவற்றையும் சேர்த்து அவர்கள் போடும் கணக்கு இன்னும் நுட்பமானது. ஆனால் அடிப்படை இதுவே.

இப்போது ஒரு குறும்பு செய்யுங்கள். நீங்கள் பார்க்காத நேரத்தில் உங்கள் தம்பியோ தங்கையோ இரண்டு கொட்டைகளின் பொட்டைத் துடைத்துவிடட்டும். 8 வரவேண்டிய இடத்தில் 6 வரும். 20 × 24 ÷ 6 = 80. இல்லாத 20 கொட்டைகள் திடீரென்று முளைத்துவிட்டன!

ஸ்டூடியோவில் நான் செய்வித்த வேலை இதுதான். இரண்டு படங்களில் துடுப்பு வெட்டை அழகுக்காக மறைத்துவிட்டால், காகிதத்தின் மேல் 20 டால்பின்கள் கூடிவிடும். கடலில் கூடாது. செவுள் வலைகளில் தற்செயலாகச் சிக்கி, மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கி இறப்பது உலகெங்கும் டால்பின்களுக்குப் பெரிய அபாயம். எத்தனை இறந்தால் அந்தக் கூட்டம் தாங்கும் என்பது, மொத்தம் எத்தனை இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 60 இருக்கும் இடத்தில் 80 என்று நம்பிக்கொண்டிருந்தால், ஆபத்து வந்த பிறகும் நமக்குத் தெரியாது.

நம் நாட்டில் இந்த முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒடிசாவின் சில்கா ஏரி. அங்கே வாழ்வது இராவடி டால்பின். பெயரில் பர்மா நாட்டு ஆறு இருந்தாலும், இந்த இனத்தை ரிச்சர்ட் ஓவன் 1866-இல் விவரித்தது 1852-இல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கிடைத்த ஒரு டால்பினைக் கொண்டு! வங்காள விரிகுடாவின் நம் கரைதான். இந்த டால்பினின் துடுப்பு சிறியது, நுனி மழுங்கியது. குதித்துக் கும்மாளம் போடும் சுபாவமும் குறைவு. கலங்கல் நீரில் சற்றே தலைகாட்டி மறைந்துவிடும். அப்படிப்பட்டதையும் துடுப்புப் படங்களைக் கொண்டே எண்ணி, திபானி சுதாரியாவும் ஹெலீன் மார்ஷும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 110 என்று மதிப்பிட்டார்கள். ஓர் ஏரியில் வாழும் அவ்வினம் முழுவதுமே நம் பள்ளியின் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் அளவுதான்.

இரண்டு நொடிக் காட்சி

இனிப் படம் பிடிக்கும் வித்தைக்கு வருவோம். என்னுடைய 36 படங்களில் 35 ஏன் வீணாயின?

டால்பின் மூச்சு விடத்தான் மேலே வருகிறது. தலை உச்சியிலுள்ள மூக்குத்துளை திறந்து, காற்றை வெளியே தள்ளி, புதுக் காற்றை உள்ளே இழுத்து மூடிக்கொள்ளும் வேலை ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். முதுகு வளைந்து துடுப்பு முழுவதும் நீருக்கு மேல் நிற்பது ஒன்றிரண்டு நொடிதான். கண்ணால் பார்த்து, மூளை கட்டளையிட்டு, விரல் அழுத்துவதற்கே நமக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகிறது. பார்த்த பிறகு காமிராவைத் தூக்கினால் வாலைத்தான் பிடிக்கலாம்.

தப்பிக்க வழி, அதன் மூச்சுக் கணக்கைக் கற்றுக்கொள்வது. சில தடவை அடுத்தடுத்துக் குறுகிய இடைவெளியில் மூச்சு விட்டு, பிறகு நெடுநேரம் மூழ்குவது பல டால்பின்களின் வழக்கம். முதல் மூச்சை விட்டுவிட வேண்டும். எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துக்கொண்டு, அடுத்து எழும்பும் இடத்தை ஊகித்துக் காமிராவைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பெரியவர் என்னிடம் அன்றே சொன்னார், "ஓடிப் போன எடத்தச் சுடாதீங்க, வரப்போற எடத்தச் சுடுங்க" என்று. நான் கேட்கவில்லை.

அடுத்து வேகம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நீந்தும் டால்பின் ஒரு நொடியில் 2.8 மீட்டர் நகர்கிறது. காமிராவின் ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் அது 4 செ.மீ.க்கும் மேல் நகர்ந்துவிடும். துடுப்பில் உள்ள வெட்டின் அகலமோ 1 செ.மீ. இருக்கலாம்! படத்தில் வெட்டு இழுபட்டுக் காணாமலே போய்விடும். 1/1000 நொடியில் அது நகர்வது 3 மி.மீ.க்கும் குறைவு, வெட்டு தப்பிப் பிழைக்கும். படகு ஆடுவதையும் சேர்த்துப் பார்த்தால் 1/1000-க்குக் குறைந்து போகாமல் இருப்பதே நல்லது. என் படங்களில் பல, மங்கிய விடியல் ஒளியில் மெதுவான ஷட்டரில் எடுத்தவை. நுரைகூடப் பஞ்சு மிட்டாய் போல் விழுந்திருந்தது.

"என் செல்போனில் எடுக்கலாமா?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கணக்கே பதில் சொல்லட்டும். டால்பின் 50 மீட்டர் தொலைவில் இருக்கிறது. துடுப்பு 20 செ.மீ. உயரம். 2.4 கோடி படப்புள்ளிகள் கொண்ட 36 மி.மீ. அகல உணர்தகட்டுக் காமிராவில் 300 மி.மீ. லென்ஸ் பொருத்தினால், துடுப்பின் உயரத்தில் 200 புள்ளிகள் விழும்; 1 செ.மீ. வெட்டுக்கு 10 புள்ளிகள். வடிவம் தெரிய அது போதும். செல்போனின் சாதாரண அகலக்கோண லென்ஸிலோ துடுப்பு முழுவதுமே ஒரு டஜன் புள்ளிகள்தான். வெட்டுக்குக் கிடைப்பது அரைப் புள்ளி. அரைப் புள்ளியில் எதை எழுதுவது? கிட்டே போய் எடுக்கலாமே என்றால், அங்கேதான் தவறு தொடங்குகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சூரியன் எந்தப் பக்கம்?

நம் ஊர்க் கடலுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் கடல் கிழக்கே. காலையில் சூரியனும் கிழக்கே. கரையிலிருந்து போகும் படகில் நின்று கடலை நோக்கிப் படம் எடுத்தால் சூரியன் நேராகக் காமிராவுக்குள் பார்க்கும். டால்பின் கரும் நிழலுருவாகத்தான் விழும். மும்பைக் கடற்கரைக்காரருக்குக் காலையில் இந்தத் தொல்லை இல்லை, அவருக்கு மாலையில்.

நிழலுருவம் முற்றிலும் வீண் என்றும் சொல்ல முடியாது. துடுப்பின் விளிம்பு வெட்டு, வெளிச்சமான கடலின் முன் கத்தரித்த காகிதம்போல் தெளிவாகவே தெரியும். தோலின் கீறல்களும் நிறமும் மட்டும் மறைந்துபோகும். எல்லாம் வேண்டுமானால், படகை மெல்லச் சுற்றிக் கொண்டுபோய் டால்பின்களுக்குக் கிழக்கே இருந்துகொண்டு, சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டு, கரையைப் பார்த்து எடுக்க வேண்டும். படத்தின் பின்னணியில் சவுக்குத் தோப்பும் வந்து சேரும்.

நீரின் பளபளப்பைப் போக்க முனைவாக்கு வடிகட்டி மாட்டச் சொல்வார்கள். இதில் ஒரு சுவையான பௌதிகம் இருக்கிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி முழுமையாக முனைவாக்கம் அடைவது, செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 53 டிகிரிக் கோணத்தில்தான். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, அந்த எண்ணே இந்தக் கோணத்தின் டேன்ஜென்ட். அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். குளக்கரையில் நின்று காலடிக்குச் சற்று அப்பால் பார்த்தால் இந்தக் கோணம் கிடைக்கும். வடிகட்டியைத் திருப்பினால் பளபளப்பு மறைந்து அடியிலுள்ள கெண்டை தெரியும். ஆனால் படகில் நிற்பவரின் கண், நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரம் என்றால், 50 மீட்டர் தொலைவிலுள்ள டால்பினை அவர் பார்ப்பது நீர்மட்டத்துக்கு 2 டிகிரிக்குச் சற்று மேலிருந்துதான். அங்கே வடிகட்டி நீரின் பளபளப்பை அதிகம் குறைக்காது. வரும் ஒளியில் பாதிக்கு மேல் தின்றுவிட்டு ஷட்டரை மெதுவாக்கும். கடையில் காசு கொடுத்து வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பணம் மிஞ்சியிருக்கும்.

கிட்டே போவதைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். டால்பின் நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காவல். அதைப் படகால் துரத்துவதும் கூட்டத்தின் நடுவே புகுவதும் கூடாது. துரத்தினால் மூச்சின் ஒழுங்கு கெடும், தாயும் குட்டியும் பிரியும், இரை தேடுவது நின்றுபோகும். இயந்திரத்தைத் தணித்து, அவை போகும் திசைக்கு இணையாக, விலகி நிற்பதே முறை. விருப்பமிருந்தால் அவையே கிட்டே வரும். படகின் முன்னலையில் சறுக்கி விளையாடுவது பல டால்பின்களுக்குப் பிடித்த விளையாட்டு. குட்டியோடு தாய் விலகிப் போனால் நாமும் திரும்பிவிட வேண்டும். ஆராய்ச்சிக்காக நெருங்குபவர்கள் அதற்கென அனுமதி வாங்கியே போகிறார்கள்.

எதைத் திருத்தலாம்?

கரைக்கு வந்தபின் கணிப்பொறியின் முன் உட்கார்ந்தால் இரண்டாவது வேலை தொடங்குகிறது. இன்று தூரிகைக்கும் மைக்கும் தேவையில்லை. விரல் நுனியால் கடலையே நிறம் மாற்றிவிடலாம். அதனால்தான் எச்சரிக்கையும் அதிகம் வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காமிராவிலிருந்து வந்த மூலப்படத்தைத் தொடாமல் தனியே பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். தேதி, நேரம், இடம், உடன் எத்தனை டால்பின்கள் என்ற குறிப்பும் அதனோடு இருக்கட்டும். செய்யும் திருத்தமெல்லாம் பிரதியில்தான்.

அதன்பின் தேவையற்ற கடலை வெட்டித் துடுப்பை மட்டும் எடுக்கலாம். சாய்ந்த தொடுவானத்தை நிமிர்த்தலாம். இருண்ட படத்தை வெளுக்கலாம். ஒளி-நிழல் வேறுபாட்டைக் கூட்டலாம். இவையெல்லாம் படம் முழுவதற்கும் ஒரே சீராகச் செய்யும் மாற்றங்கள். இருக்கும் விளிம்பை நன்றாகக் காட்டுமே தவிரப் புது விளிம்பை உண்டாக்காது. கூர்மையூட்டும் வசதியைக் கையாளும்போது மட்டும் கவனம் வேண்டும். அளவு மீறினால் துடுப்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று தோன்றும். சிறு வெட்டு அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். படத்தின் மணல் மணலான பிசிறைப் போக்கும் வசதி இதற்கு நேர் எதிரான தவறைச் செய்யும். பிசிறோடு சேர்த்துச் சின்ன வெட்டையும் வழித்துவிடும்.

அண்மையில் வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுப் பெருக்கிகள் இன்னும் ஆபத்தானவை. 12 புள்ளித் துடுப்பைக் கொடுத்தால் 200 புள்ளித் துடுப்பாக ஆக்கித் தரும். பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் கூடுதல் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? முன்பு பார்த்த ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து 'துடுப்பு என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று அது ஊகித்தவை. அந்த ஊகத்தில் உங்கள் டால்பினின் வெட்டு இருக்காது; இல்லாத வெட்டு வந்து உட்காரவும் கூடும். ஓரிடத்திலுள்ளதை நகல் எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும் வசதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் ஸ்டூடியோத் தூரிகையின் பேரப்பிள்ளைதான் அது.

இடம் வலம் மாற்றுவதில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. விளிம்பு வெட்டு துடுப்பை ஊடுருவிப் போவதால், இடப்பக்கமிருந்து எடுத்த படமும் வலப்பக்கமிருந்து எடுத்த படமும் கண்ணாடிப் பிம்பங்கள்போல் ஒத்திருக்கும். ஒப்பிடுவதற்காக ஒன்றைத் திருப்பிப் போடலாம். ஆனால் திருப்பியதைக் குறித்து வைக்காவிட்டால் அடுத்தவர் ஏமாந்து போவார். ஏனெனில் தோலின் கீறல்கள் இரு பக்கமும் ஒன்றல்ல.

பிறகு மதிப்பெண் போட வேண்டும். குவியம் சரியா, துடுப்பு பக்கவாட்டாகத் தெரிகிறதா, நீர் மறைக்கிறதா என்று ஒவ்வொரு படத்தின் தரத்தையும் பார்த்து, மோசமானதைத் தள்ளிவிடுவார்கள். "இது நமக்கு நன்றாகத் தெரிந்த டால்பின் ஆயிற்றே" என்று மனம் அடித்துக்கொண்டாலும் தள்ளத்தான் வேண்டும். மங்கிய படத்திலும் அடையாளம் தெரிவது, பெரிய வெட்டு உள்ளவை மட்டுமே. அவற்றுக்குச் சலுகை கொடுத்தால் புளியங்கொட்டைக் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். தேறிய படங்களைப் பழைய படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். துடுப்பின் வளைவைப் படித்து ஒத்தவற்றை வரிசைப்படுத்தித் தரும் கணிப்பொறி நிரல்கள் இன்று உண்டு. இருந்தும் 'இது அதுவே' என்ற தீர்ப்பைப் பெரும்பாலும் மனிதக் கண்ணே சொல்கிறது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் தனியே சரிபார்ப்பதும் வழக்கம்.

அந்தப் பழைய படம்

2016-இல் மறுபடியும் அதே கரையிலிருந்து போனேன். பெரியவர் இல்லை; அவர் மகன் ஃபைபர் படகை ஓட்டினார். "அப்பா சொல்லுவாரு சார், ஒரு வாத்தியாரு சுருள் முழுக்கத் தண்ணியப் படம் புடிச்சாருன்னு" என்று சிரித்தார். இந்த முறை சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மூச்சை எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்பது துடுப்புகள் தெளிவாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்றின் பின்விளிம்பில் இரண்டு வெட்டுகள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய நெகட்டிவைத் தேடினேன். தகர டப்பாவில் ஈரம் புகுந்து, ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடித்திருந்தது. டச்சிங் செய்யாத படம் வேறெதுவும் என்னிடம் இல்லை. வெட்டுகள் நுனிக்குப் பக்கத்தில் இருந்தனவா, நடுவிலா, எது ஆழம் என்பதெல்லாம் நினைவில் இல்லை. 22 ஆண்டுகள் ஒரு டால்பினுக்குப் பெரிய காலம் அல்ல. அது அதுவாகவே இருந்திருக்கலாம். இரண்டு வெட்டுள்ள வேறொன்றாகவும் இருந்திருக்கலாம்.

பரிசு பெற்ற படம் இன்னும் பள்ளியின் ஆய்வுக்கூடச் சுவரில் மாட்டியிருக்கிறது. போன மாதம் உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு போய், மை வைத்த இடம் எங்காவது தெரிகிறதா என்று நெடுநேரம் பார்த்தேன். துடுப்பின் விளிம்பு வழவழவென்று இருக்கிறது.